பூட்டைத் திறக்கும் கம்பிக்கு எந்த உலோகம்? இரும்பின் வரலாறு சொல்லும் பாடம்

பூட்டு வாங்கக் கடைக்குச் செல்லும் நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது, அதைக் கையில் தூக்கி எடை பார்ப்பதுதான். கனமான பூட்டே பலமான பூட்டு என்பது நம் மக்களிடையே வேரூன்றிய எண்ணம். ஆனால் சாவி தொலைந்த வீட்டுக்கு அழைக்கப்படும் பூட்டு வேலைக்காரர் அந்தக் கனத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இரண்டு உலோகத் தகடுகளைச் சாவித் துவாரத்தில் நுழைக்கிறார். சிறிது நேரத்தில் பூட்டு திறந்துகொள்கிறது.

அந்தத் தகடு எந்த உலோகத்தால் ஆனது? இரும்பா, பித்தளையா, எவர்சில்வரா? தொழில் நுணுக்கம் பற்றிய சிறு கேள்வியாகத் தோன்றும் இதற்கு விடை தேடிப் புறப்பட்டால், அப்பாசியக் காலத்து அறிஞர்களின் ஏடுகள், நொய்யலாற்றங்கரை உலைகள், இங்கிலாந்தின் கடிகாரக்காரர் ஒருவரின் களிமண் குவளை, 1851 ஆம் ஆண்டின் லண்டன் மாநகரம் என்று நெடுந்தூரம் பயணம் செய்ய நேர்கிறது. அப்பயணத்தின் முடிவில், நம் வீட்டுக் கதவைக் காப்பது எது என்பதைப் பற்றிய நம் எண்ணமும் சற்று மாறக்கூடும்.

துவாரம் பெரிதாக இருந்த காலம்

பூட்டின் மிகப் பழைய வடிவம் மரத்தாலானது. எகிப்திலும் மேற்காசியாவிலும் வழங்கிய அப்பூட்டில், கதவின் குறுக்குத் தாழ்ப்பாளில் சில குழிகள் இருக்கும். மேலிருந்து மரமுளைகள் அக்குழிகளில் விழுந்து தாழ்ப்பாளை நகரவிடாமல் தடுக்கும். பல் துலக்கும் பிரஷ் போன்ற தோற்றமுடைய பெரிய மரச்சாவியை உள்ளே செலுத்தி உயர்த்தினால், அதன் முளைகள் பூட்டின் முளைகளை மேலே தள்ளித் தாழ்ப்பாளை விடுவிக்கும். கை நுழையும் அளவுக்குப் பெரிய துவாரம். சாவியும் முழங்கை நீளம் வரை இருக்கும். அத்தகைய பூட்டைச் சாவியின்றித் திறக்க நினைப்பவனுக்கு உலோகமே தேவையில்லை. ஏற்ற அளவில் சீவிய ஒரு மரத்துண்டு போதும்.

ரோமானியர் காலத்தில் பூட்டு இரும்புக்கும் வெண்கலத்துக்கும் மாறிற்று. சாவி சிறுத்தது, விரலில் மோதிரமாக அணியும் சாவிகளும் அக்காலத்தில் இருந்தன. பூட்டின் உட்புறத்தில் தகட்டு வளையங்களைத் தடைகளாக வைத்து, அத்தடைகளுக்கு ஏற்ப வெட்டப்பட்ட சாவி மட்டுமே சுழலும்படி செய்தனர். இம்முறையே பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் கோலோச்சியது.

ஆனால் இம்முறையில் ஒரு பெரிய பலவீனம் இருந்தது. தடைகள் சாவியை மறித்தனவே தவிர, தாழ்ப்பாளைப் பிடித்திருக்கவில்லை. தடைகளைச் சுற்றிக்கொண்டு போகும்படி வளைத்த ஒரு கம்பி, தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது. நாம் கள்ளச் சாவி என்று சொல்வது இதைத்தான். இதற்குத் தேனிரும்புக் கம்பியே போதுமானதாக இருந்தது. துவாரம் அகலமாக இருந்ததால் கம்பியைத் தடிமனாக வைத்துக்கொள்ளலாம். தடிமன் இருந்தால் மென்மையான இரும்பும் பாரத்தைத் தாங்கும். ஆகவே அந்நாளில் எந்த உலோகம் என்ற கேள்வியே எழவில்லை. துவாரம் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் அக்கேள்வி பிறந்தது.

இரும்பின் மூன்று குணங்கள்

உலோகத்தின் குணத்தை அறிந்து அதன் பயனைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை முறைப்படி எழுதிவைத்தவர்களுள் இஸ்லாமிய நாகரிகத்தின் அறிஞர்களுக்குச் சிறப்பான இடம் உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அப்பாசியக் கலீஃபா முஃதஸிம் அவர்களின் வேண்டுகோளுக்கிணங்க, தத்துவ அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் இரும்பை வகைப்படுத்தும் முறை இன்றைக்கும் வியப்பளிக்கிறது.

சுரங்கத்திலிருந்து கிடைக்கும் இரும்பு இரண்டு வகை என்கிறார் அவர். ஒன்று ஷாபுர்கான், கடினமானது, காய்ச்சித் தோய்த்தால் இறுகும் இயல்புடையது. மற்றொன்று நர்மாஹன்; மென்மையானது, எத்தனை முறை தோய்த்தாலும் இறுகாதது. நர்ம் என்ற பாரசீகச் சொல்லுக்கு மென்மை என்று பொருள். ஆஹன் என்றால் இரும்பு. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்றை அவர் குறிப்பிடுகிறார். அது சுரங்கத்தில் கிடைப்பதன்று; மனிதன் உருக்கித் தூய்மைப்படுத்தி ஆக்குவது. அதன் பெயர் ஃபூலாத், அதாவது எஃகு. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் அல்பிரூனி தமது கனிமங்கள் பற்றிய நூலில் இதே பகுப்பை மேலும் விரித்து எழுதினார்.

இன்றைய அறிவியல் இம்மூன்றையும் கரியின் அளவால் விளக்குகிறது. கரி மிகக் குறைந்த இரும்பு வளையும், வளைந்தபடியே நின்றுவிடும். கரி மிகுந்து, கடினப்படுத்தி, பதம் பார்க்காமல் விட்ட இரும்பு வளையாது, உடைந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே, அளவான கரியும் சரியான துவைச்சலும் பெற்ற எஃகு வளையும். வளைந்த பின் விட்டுவிட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும்.

வளைந்து மீளும் இந்தக் குணத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பூட்டைத் திறக்கும் கம்பியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு குணத்தைத் தேடிச் சென்ற வரலாறுதான்.

நம் மண்ணின் எஃகு

அல்கிந்தி தம் நூலில் குறிப்பிடும் வாள் வகைகளுள் ஸரந்தீபில் செய்யப்பட்டவையும் உண்டு. ஸரந்தீப் என்பது இலங்கைக்கு அரபியர் இட்ட பெயர். அங்கே சமனலவேவா என்னும் இடத்தில், மலைச்சரிவில் வீசும் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்துள்ளனர். கரி மிகுந்த எஃகை அவ்வுலைகள் நேரடியாகவே தரக்கூடியவை என்பது சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட்டது.

தமிழகத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளும் பழந்தமிழர் இரும்பை உருக்கிய உலைகளை வெளிக்கொணர்ந்தன. இரும்பைக் கரிப்பொருளோடு சேர்த்துச் சிறு களிமண் குவளையில் வைத்து மூடி, உருகும் வரை காய்ச்சுவது தென்னிந்திய முறை. ஐரோப்பியர் இதனை ஊட்ஸ் என்று அழைத்தனர். உக்கு, உருக்கு என்னும் தென்னிந்தியச் சொற்களே அதற்கு மூலம் என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. அரபிக் கடலைத் தாண்டிச் சென்ற இவ்வெஃகு மேற்காசியாவின் புகழ்பெற்ற வாள்களாக உருவெடுத்தது.

எனினும் அக்காலத்தில் எஃகு அரிய பொருள். அதன் விலையும் அதிகம். வாளுக்கும் கத்திக்கும் அது போயிற்று. சாதாரணப் பூட்டுக்கும் சாவிக்கும் தேனிரும்பும் பித்தளையும் வெண்கலமுமே வாய்த்தன. இன்னொரு காரணமும் உண்டு. ஊட்ஸ் எஃகில் கரி ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை இருந்தது. கூர்மைக்கு அது உகந்தது. மெல்லிய தகடாக அடித்து வளைத்து மீட்க அது உகந்ததன்று. சிறந்த உலோகம் என்று பொதுப்படையாக ஒன்று இல்லை. இன்ன வேலைக்குச் சிறந்தது என்றுதான் சொல்ல இயலும்.

துவாரமே இல்லாத பூட்டு

சாவித் துவாரம்தான் பூட்டின் பலவீனம் என்றால், துவாரமே இல்லாமல் பூட்டுச் செய்தால் என்ன? இக்கேள்விக்கு முஸ்லிம் கைவினைஞர்கள் விடை கண்டனர். இஸ்ஃபஹானைச் சேர்ந்த வானியல் கருவி வல்லுநர் முஹம்மது இப்னு ஹாமித், ஹிஜ்ரி 597 இல், அதாவது 1200–01 இல் செய்த பித்தளைப் பேழை இன்று டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் டேவிட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மூடியில் நான்கு வட்டுகள் உள்ளன. அவற்றை உரிய நிலைகளுக்குத் திருப்பினால் மட்டுமே பேழை திறக்கும். அதே காலத்தில் தியார்பக்ரில் வாழ்ந்த அல்ஜஸரி, 1206 இல் முடித்த தமது பொறியியல் நூலில் இத்தகைய எழுத்துப் பூட்டு ஒன்றை விளக்கியுள்ளார்.

பெட்டியைத் திறக்கச் சாவி வேண்டாம். எழுத்துகளை நினைவில் வைத்திருந்தால் போதும். அதனுள் கம்பி நுழைக்க இடமுமில்லை. உலோகத்தின் வலிமையைக் கூட்டாமல் வழியையே அடைத்தது அவர்களின் நுட்பம். வட்டுகளைச் செய்ய வானியல் கருவி செய்பவரின் கை வேண்டியிருந்ததால் அது எளியோரின் கதவுக்கு வரவில்லை. உலகம் துவாரமுள்ள பூட்டையே தொடர்ந்து பயன்படுத்தியது. ஆனால் துவாரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே சென்றது.

கடிகாரக்காரரின் குவளை

வளைந்து மீளும் எஃகு நம்பகமான தரத்தில் ஐரோப்பாவில் கிடைக்கத் தொடங்கியது 1740களில்தான். அதற்குக் காரணமானவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரக்காரர். கடிகாரத்தின் சுருள்வில்லுக்கு அவர் வாங்கிய எஃகு சீராக இல்லை. இரும்புப் பட்டைகளைக் கரித்தூளில் புதைத்துப் பல நாள் காய்ச்சி எஃகாக்குவது அங்கே வழக்கம். அதில் கரி மேற்பரப்பில் மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கும். ஒரே வில்லில் ஓரிடம் உடையும், மற்றோரிடம் தளரும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு அருகே குடியேறிய ஹன்ட்ஸ்மன், அந்த எஃகைக் களிமண் குவளையில் இட்டு முழுமையாக உருக்கினார். உருகியபோது கரி எங்கும் சமமாகப் பரவியது. தென்னிந்தியக் கொல்லர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்த குவளை முறையின் அடிப்படையும் இதுவே. உள்ளூர்க் கத்திக்காரர்கள் மிகக் கடினம் என்று முதலில் அதை ஒதுக்கினர். பின்னர் அதுவே ஷெஃபீல்டின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது.

கடிகார வில்லுக்குத் தேவைப்பட்ட குணமும் பூட்டைத் திறக்கும் கம்பிக்குத் தேவைப்படும் குணமும் ஒன்றே. வளைய வேண்டும், உடையக் கூடாது, மீள வேண்டும். மெல்லிய கருவிகளுக்கான பொருள் ஆயத்தமாகிவிட்டது. அதற்கேற்ற பூட்டுகளும் அதே நூற்றாண்டில் வந்து சேர்ந்தன.

1851: இரண்டு பூட்டுகள், ஒரு மனிதர்

1778 இல் ராபர்ட் பாரன் இரட்டை இயக்க லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். லீவர்களை வேண்டிய அளவுக்கு உயர்த்த வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தாழ்ப்பாள் நகராது. 1784 இல் ஜோசஃப் பிரமா, சிறிய குழாய் வடிவச் சாவி கொண்ட பூட்டைக் கொண்டுவந்தார். பின்னர் தம் நிறுவனத்தின் லண்டன் கடைச் சாளரத்தில் 18 நழுவுதண்டுகள் கொண்ட பூட்டு ஒன்றை மாட்டி, இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் அதை எவரும் வெல்லவில்லை.

1817 இல் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச் சாவி கொண்டு திருட்டு நடந்தது. அதைத் தொடர்ந்து, சொந்தச் சாவியன்றி வேறெதனாலும் திறக்கவியலாத பூட்டுக்குப் பரிசு தர அரசு முன்வந்தது. 1818 இல் ஜெரமையா சப் தம் பூட்டைக் கொணர்ந்தார். அதில் யாரேனும் ஒரு லீவரை அளவுக்கு மீறி உயர்த்தினால், ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். உரிமையாளர் அடுத்த முறை சாவியிடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். கைதிக் கப்பலில் இருந்த பூட்டுத் தொழிலாளி ஒருவருக்கு, இதைத் திறந்தால் விடுதலையும் 100 பவுன் பணமும் என்று சொல்லப்பட்டது. பல வாரங்கள் முயன்றும் அவரால் இயலவில்லை.

1851 இல் லண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து தம் நிறுவனத்தின் பூட்டைக் காட்சிக்குக் கொண்டுவந்த ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ், சாட்சிகள் முன்னிலையில் சப் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். காட்டிக்கொடுக்கும் கொக்கி விழாமலேயே மீண்டும் பூட்டியும் காட்டினார். அதன்பின் பிரமாவின் பூட்டுக்கு முன் அமர்ந்தார். பூட்டு பொருத்தப்பட்டிருந்த மரத்தில் ஒரு சட்டத்தைத் திருகி, அதனால் பூட்டுக்குள் இடையறாத அழுத்தம் தந்து, மெல்லிய எஃகுக் கருவிகளால் ஒவ்வொரு தண்டாகத் தொட்டு உணர்ந்து நகர்த்தினார். 16 நாட்களில் பகுத்துச் செய்த அவ்வேலைக்கு மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. நடுவர்கள் 200 கினியை அவருக்கே வழங்கினர்.

இங்கிலாந்து திகைத்தது. திறக்கவே முடியாத பூட்டு என்ற அறுபதாண்டு நம்பிக்கை உடைந்தது. ஹாப்ஸின் வெற்றிக்குப் பொறுமை, தொடு உணர்வு, எஃகு ஆகிய மூன்றும் வேண்டியிருந்தன. தேனிரும்புக் கம்பியால் இது நடந்திராது. அழுத்தும்போது கம்பியே வளைந்து நின்றுவிட்டால், தண்டு நகர்ந்ததா கம்பி வளைந்ததா என்பது கைக்குத் தெரியாது. வளைந்து மீளும் எஃகு மட்டுமே பூட்டுக்குள் நிகழ்வதை விரலுக்குச் சொல்லும்.

இன்றைய கதவும் இன்றைய தகடும்

ஹாப்ஸின் நிறுவனம் விற்ற பூட்டையும் விரைவில் ஒருவர் வென்றார். அவர் அமெரிக்கரான லினஸ் யேல். 1861 இலும் 1865 இலும் பெற்ற காப்புரிமைகளின் வழியே, எகிப்திய மரப்பூட்டின் பழைய முளைத் தத்துவத்தை விரலளவு உருளைக்குள் அவர் அடக்கினார். நம் வீட்டு முன்கதவிலும் பித்தளைத் தொங்குபூட்டிலும் இன்று இருப்பது பெரும்பாலும் அதுவே. தட்டையான சாவி, நெளிந்த குறுகிய துவாரம், உள்ளே ஐந்தாறு சிறு முளைகள். கை நுழைந்த துவாரம் தகடு மட்டுமே நுழையும் இடுக்காகிவிட்டது.

இந்த இடுக்குக்குத் தடிமன் 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை உள்ள தகடுதான் பொருந்தும். இங்கே ஓர் எளிய இயற்பியல் உண்மையைக் கவனிக்க வேண்டும். தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிறது. எனவே மெல்லிய தகட்டுக்கு உலோகத்தின் குணமே எல்லாம்.

மென்மையான கம்பியால் பயனில்லை என்பதை முன்பே கண்டோம். பித்தளையும் டைட்டானியமும் எஃகின் விறைப்பில் ஏறத்தாழ பாதியே உடையவை. அலுமினியம் மூன்றில் ஒரு பங்குதான். எஃகு வகைகளுக்குள் விறைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. துவைச்சலும் பதமும் மாற்றுவது, எவ்வளவு தூரம் வளைந்தும் மீளும் என்பதை மட்டுமே.

கரி ஏறத்தாழ 0.95 விழுக்காடுள்ள ஸ்பிரிங் எஃகு நெடுங்காலமாகப் பூட்டு வேலைக்காரர்களின் தேர்வு. செந்நிறம் வரக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் இறுகும். பின்னர் மெல்லச் சூடேற்றினால் பளபளப்பான பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சளும், பிறகு ஊதாவும், ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலமும் தோன்றும். கத்திக்கு மஞ்சளில் நிறுத்துவர். வில்லுக்கு நீலம் வரை விடுவர். பழைய ரம்பத் தகட்டைச் சாணைக்கல்லில் தீட்டிக் கருவியாக்குவோர் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்வதற்கும் காரணம் இதுவே. தீட்டும் சூட்டில் பதம் போய்விட்டால் தகடு வெறும் மென்தகடாகிவிடும். தோய்த்தபின் பதம் பார்க்காமல் விட்டாலோ, பூட்டுக்குள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்ளும்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோருக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கரி எஃகு எளிதில் துருப்பிடிக்கும். அத்தகைய இடத்துக்கு ஏற்றது, 17 விழுக்காடு குரோமியமும் 7 விழுக்காடு நிக்கலும் கலந்த 301 எனப்படும் துருவேறா எஃகு. இதைத் தோய்த்து இறுக்க முடியாது. சூடேற்றாமல் உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கும்போதே அது வலிமை பெறுகிறது. அளவு மீறி வளைத்தால் பெரும்பாலும் உடையாமல் வளைந்துதான் போகும். பூட்டின் உரிமையாளருக்கு அதுவே நல்லது. உடைந்த துண்டு பூட்டுக்குள் தங்கினால் பூட்டையே அறுக்க நேரும்.

ஆக, விடை இதுதான். உறுதியும் மெலிவும் ஒருசேர வேண்டின், நீலப்பதம் பார்த்த ஸ்பிரிங் எஃகு. துருவும் முறிவும் அஞ்சத்தக்க இடத்தில், அழுத்தி இறுக்கிய துருவேறா எஃகு. நர்மாஹனும் வேண்டாம், பதம் பார்க்காத ஷாபுர்கானும் வேண்டாம். நடுவே நிற்கும் ஃபூலாத் வேண்டும். அல்கிந்தி வாளுக்குச் சொன்ன பகுப்பு, பதினோரு நூற்றாண்டுகள் கடந்து ஒரு சிறு தகட்டுக்கும் பொருந்துகிறது.

இந்த அறிவை மறைக்க வேண்டுமா?

இதையெல்லாம் எழுதலாமா, திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். 1851 இலும் இதே கேள்வி எழுந்தது. ஹாப்ஸின் அனுபவங்களை உள்ளடக்கி சார்ல்ஸ் டாம்லின்சன் 1853 இல் பதிப்பித்த பூட்டு நூல் இதற்கு நேராகவே விடை கூறியது. திருடர்கள் தம் தொழிலை முன்பே நன்கு அறிவர். பூட்டின் குறையை அறியாதிருப்பவர் அதை விலை கொடுத்து வாங்கும் நேர்மையாளரே. குறை வெளிப்பட்டால்தான் செய்பவர் திருத்துவார் என்பது அதன் வாதம். வரலாறும் அதையே மெய்ப்பித்தது. தோற்ற பூட்டுக்காரர்கள் தம் பூட்டுகளைத் திருத்தினர்.

நாம் கற்க வேண்டியதும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அறிவுறுத்தப்பட்ட சமுதாயம் நாம். கட்டும் கயிறு எத்தகையது என்று பார்ப்பதும் அதில் அடங்கும். கணவர் வளைகுடாவில் பணிபுரிய, பிள்ளைகளோடு தனித்து வாழும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்கள் பூட்டின் எடையை நம்பி ஏமாறக் கூடாது. உள்ளே முளைகள் எத்தனை, லீவர்கள் எத்தனை, கொண்டி கடின எஃகா, கதவுச் சட்டம் உறுதியானதா, உட்புறத் தாழ்ப்பாள் உண்டா என்பவற்றைப் பார்க்க வேண்டும். வீடு மாறிக் குடியேறும்போது பழைய பூட்டை மாற்றிவிட வேண்டும். முன்பு குடியிருந்தோரிடம் எத்தனை சாவிகள் உள்ளன என்பதை எவ்வளவு உயர்ந்த எஃகும் நமக்குச் சொல்லாது.

2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நமக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே லீவர்களைக் கையால் அராவிச் சாவிக்குப் பொருத்தும் கைவினைஞர்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. வடக்கே அலிகாரின் பூட்டுத் தொழிலில் முஸ்லிம் கைவினைஞர்கள் பெருமளவில் உழைக்கின்றனர். பூட்டின் உள்ளமைப்பை அறிந்த வாடிக்கையாளர் பெருகினால், எடைக்கு விற்கும் பூட்டை விட உழைப்புக்கு விற்கும் பூட்டு மதிப்புப் பெறும்.

சாவி என்னும் அமானிதம்

எந்தப் பூட்டும் என்றேனும் ஒருநாள் திறக்கப்படும் என்பதே நாம் கண்ட வரலாறு. அப்படியானால் எது காக்கிறது?

இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் கஅபாவின் பழைய பூட்டுகளும் சாவிகளும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் பல இரும்பாலானவை. பொன்னும் வெள்ளியும் பதித்து அணி செய்யப்பட்டவை. கலீஃபாக்களும் சுல்தான்களும் காலந்தோறும் அனுப்பிய அச்சாவிகளின் உலோகமும் வடிவமும் மாறிக்கொண்டே வந்தன. ஆனால் சாவியை வைத்திருக்கும் குடும்பம் மாறவில்லை.

ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில், கஅபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெறப்பட்டுக் கதவு திறக்கப்பட்டது. அன்று நகரம் முழுவதும் நபி (ஸல்) அவர்களின் கையில் இருந்தது. அப்பொறுப்பைத் தம் குடும்பத்துக்கு வேண்டிய நெருங்கிய உறவினரும் அருகில் இருந்தனர். எனினும் நபியவர்கள் உஸ்மானை அழைத்து, சாவியை அவரிடமே திருப்பியளித்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 58 ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்வோடு இணைத்தே விளக்குகின்றனர். இன்றளவும் பனூ ஷைபா குடும்பத்தாரே அச்சாவியைப் பேணிவருகின்றனர்.

வெல்லும் வலிமை கையில் இருந்தபோதும், உரியவரிடம் திருப்பித் தருவதே அங்கே நிகழ்ந்தது. பூட்டைத் திறக்கும் திறனுக்கும் இதே அளவுகோல்தான். பிறர் வீட்டினுள் ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு. கதவு திறந்தே கிடந்தாலும் அவ்வொழுங்கு உண்டு. திறக்கத் தெரிந்தவனுக்கு அது இன்னும் கூடுதலாகவே உண்டு. பூட்டு வேலையைக் கற்க விரும்பும் இளைஞர் தமக்குச் சொந்தமான பூட்டிலும், உரிமையாளர் விரும்பி ஒப்படைத்த பூட்டிலும் மட்டுமே கைவைக்க வேண்டும். பூட்டு வேலைக்காரரை அழைக்கும் நாமும், தெருவில் கிடைத்த எண்ணை நம்பாமல், ஊரார் அறிந்த, முகவரி உள்ள ஒருவரையே நாடுவது நல்லது. அவ்வாறே அவரும், திறக்கச் சொல்பவர் அவ்வீட்டாரா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் நாம் சினம் கொள்ளலாகாது. அப்படிக் கேட்பவரிடம் நம் வீட்டுச் சாவியையும் தயங்காமல் கொடுத்து நகல் செய்யச் சொல்லலாம்.